கோப்பை தந்தவரை ஏன் கூச்சலிட்டு அனுப்பினார்கள்?

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கொரிய எழுத்துப் பலகைகள் தொங்குவது நமக்குப் பழகிவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்த காலத்திலிருந்து அவை இங்கே பெருகி வருகின்றன. அந்த நிறுவனத்தின் தாய் ஆலை இருக்கும் ஊர் உல்சான். காரும் கப்பலும் கட்டுகிற தொழில் நகரம். அங்கே உல்சான் எச்டி என்று ஒரு கால்பந்து கிளப் உண்டு. ஹூண்டாய் குடும்பத்தின் கப்பல் கட்டும் குழுமம் அதை நடத்துகிறது. 2005-இல் கொரிய லீக்கை வென்ற பிறகு பதினேழு ஆண்டுகள் அந்தக் கிளப்புக்கு லீக் பட்டம் வாய்க்கவில்லை. ஹாங் மியுங்-போ பயிற்சியாளராக வந்தார். 2022-இல் பட்டம், 2023-இல் மறுபடி பட்டம். இவ்வளவும் தந்த அதே ஹாங்கை 2024 ஜூலை 10 அன்று, சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களே பதாகை பிடித்துக் கூச்சலிட்டு வழியனுப்பினார்கள்.

ஏன் என்று இன்று பார்ப்போம். அவசரம் வேண்டாம், டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாகப் போகலாம். கால்பந்து தெரியாதவருக்கும் இது புரியும். ஆஃப்சைடு விதி கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், நாம் எல்லாருமே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அணி தோற்றால் ரசிகர்கள் பயிற்சியாளரைத் திட்டுவார்கள், ஜெயித்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பது அந்த நம்பிக்கை. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. தோல்விக்குப் பிறகுதானே கூச்சல் கேட்கிறது? ஆனால் மழைக்கு முன் இருட்டுவதைப் பார்த்து இருட்டுதான் மழையைத் தருகிறது என்று நாம் சொல்வதில்லையே. கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

கொச்சிக்குப் போவோம். கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 2021-இல் செர்பியாவிலிருந்து இவான் வுகோமனோவிச் வந்தார். அதற்கு முந்தைய சீசனில் அந்த அணி பத்தாம் இடம். இவர் வந்த முதல் ஆண்டே இந்திய லீக்கின் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். 2022 மார்ச் 20 அன்று ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பிளேஆஃப் வரை போனார்கள், அதைத் தாண்டவில்லை. 2024 ஏப்ரலில் அவர் விடைபெறும்போது அலமாரியில் ஒரு கோப்பை கூட இல்லை. ஆனாலும் மஞ்ஞப்படை என்ற ரசிகர் குழுவினருக்கு அவர் ‘ஆஷான்’. குரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அவருடைய காலத்தில் நடந்த இன்னொரு சம்பவம் இதைவிட விசித்திரம். 2023 மார்ச் 3, பெங்களூருவில் நாக்அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, எதிரணி தயாராகும் முன்பே ஃப்ரீகிக்கை அடித்து கோலாக்கினார். நடுவர் அதை ஏற்றார். வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்தை விட்டே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் போயிற்று, அந்த சீசனும் அத்தோடு போயிற்று. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. கணக்குப்படி பார்த்தால் கிளப்புக்கு இவ்வளவு நஷ்டம் ஏற்படுத்திய பயிற்சியாளரை ரசிகர்கள் விரட்டியிருக்க வேண்டும். அவர்களோ அவர் பின்னால் இன்னும் இறுக்கமாக நின்றார்கள். அந்தக் கோல் அநியாயம் என்று அவர்களுக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படியே தோன்றியது. தங்களுக்குக் கொதித்தது அவருக்கும் கொதித்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அது போதுமாக இருந்தது.

நம்ம சென்னையின் எஃப்சி பக்கம் வருவோம். 2018 மார்ச் 17 அன்று ஜான் கிரிகரியின் அணி பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனில் பதினெட்டு ஆட்டங்களில் பதின்மூன்று தோல்வி, ஒன்பதே புள்ளி, கடைசி இடம். அப்படியும் அவர் பதவியில் நீடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து சாபா லாஸ்லோ என்ற பயிற்சியாளரின் கீழ் இருபது ஆட்டங்களில் தோற்றது ஆறே ஆறு. மூன்று வெற்றி, மீதிப் பதினொன்றும் சமன். தோல்விதான் அளவுகோல் என்றால் லாஸ்லோவின் சீசன் கிரிகரியின் கடைசி இடத்து சீசனைவிட எவ்வளவோ மேல். ஆனால் இருபது ஆட்டத்தில் பதினேழு கோல் மட்டும் அடித்த அந்த அணியை ஆசையோடு நினைத்துப் பேசுகிற சென்னை ரசிகரைக் காண்பது அரிது. ஒரு சீசனோடு லாஸ்லோ போனார்.

ஆக, தோல்விக்கும் கோபத்துக்கும் உறவு இருக்கிறது, ஆனால் நேர் உறவு இல்லை. நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. அதைத் தேட, ரசிகர் தன் பங்குக்கு எதைக் கொடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரகடத்தில் ஏ ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறியவர் மதியம் வெளியே வருகிறார். ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு, பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில். ஐம்பது கிலோமீட்டர் போலப் பயணம். ஆட்டம் முடிந்து கிளம்பி அறைக்குத் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும், மறுநாள் விடிவதற்குள் மறுபடி பஸ். டிக்கெட் காசைவிட அவர் கொடுத்த தூக்கம் பெரியது. இந்த வட்டாரத்தில் கேரளத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். கால்பந்தோடு வளர்ந்தவர்கள். அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு போனில் ஊர் அணியின் ஆட்டம் பார்க்கிறார்கள். அவர்கள் கொடுப்பதும் அதே தூக்கத்தைத்தான்.

இதற்குப் பதிலாக அவர் வெற்றியைக் கேட்கிறார் என்று நினைத்தால் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறோம். எதிரணியும் பயிற்சி செய்துதான் வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்பது சின்ன விஷயம், ஆனால் அளக்க முடியாத விஷயம். நான் இவ்வளவு பாடுபட்டு வந்து பார்க்கிறேனே, இந்த அணியைப் பற்றி எனக்கு இருக்கும் அக்கறை அதை நடத்துகிறவருக்கும் இருக்கிறதா? எனக்குத் தெரிகிற ஓட்டை அவர் கண்ணுக்கும் தெரிகிறதா? யாரும் கையெழுத்துப் போடாத ஓர் ஒப்பந்தம் இது. பயிற்சியாளரோடு உறவு முறிவது பெரும்பாலும் இந்த ஒப்பந்தம் முறிகிற இடத்தில்தான்.

இப்போது பயிற்சியாளரின் கையில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். யார் இறங்குவது, எந்த அமைப்பில் ஆடுவது, நடுவில் யாரை மாற்றுவது, வாரம் முழுக்க என்ன பயிற்சி தருவது, இவை அவருடையவை. எந்த வீரரை வாங்குவது என்பதில் அவருக்குப் பேச்சு உண்டு, கடைசி வார்த்தை பல இடங்களில் இல்லை. எவ்வளவு பணம், எந்த மைதானம், லீக் எப்போது தொடங்கும் என்பதெல்லாம் அவருக்கு மேலே நடப்பவை. ரசிகருக்கு இதில் முதல் பகுதி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, அதிலும் தொண்ணூறு நிமிஷம் மட்டும். மீதி ஆறு நாள் பயிற்சி மைதானத்தின் கதவு மூடியிருக்கிறது.

தகராறு முளைக்கிற முதல் இடம் இந்த மூடிய கதவு. வியாழக்கிழமை பயிற்சியில் ஒரு வீரருக்குத் தொடைத் தசை இழுத்திருக்கும். அதை வெளியே சொன்னால் எதிரணி அந்தப் பக்கமாகவே தாக்கும், அதனால் பயிற்சியாளர் வாய் திறக்க மாட்டார். சனிக்கிழமை அந்த வீரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ரசிகர் பார்க்கிறார். அதுவும் உள்ளூர்ப் பையன் என்றால் வலி இரட்டிப்பு. வியாசர்பாடித் தெருக்களில் ஆடி வளர்ந்து சென்னையின் சட்டை போட்ட தனபால் கணேஷை இங்கே எப்படிக் கொண்டாடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான்மீது வெற்றிக் கோல் அடித்து, அவர்களிடம் அடுத்தடுத்துத் தோற்று வந்ததற்கு முடிவு கட்டினார். அவர் ஏன் நம்ம நீலச் சட்டையில் இல்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர். கேள்வி போய் விழுவதோ எல்லைக்கோட்டருகே நிற்கும் ஒருவர் தலையில்.

கதவு மூடியிருப்பதால்தான் பயிற்சியாளர் பேசுகிற பேச்சுக்கு இவ்வளவு எடை. உள்ளே நடப்பதை ரசிகர் அறிய அந்த ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் நடக்கும் செய்தியாளர் சந்திப்பில் பயிற்சியாளர் ‘நாங்கள் சரியாக ஆடவில்லை’ என்கிறாரா, ‘பையன்கள் சொன்னதைச் செய்யவில்லை’ என்கிறாரா என்பதை ரசிகர் உன்னிப்பாகக் கேட்கிறார். பேச்சுகூட வேண்டாம், முகமே போதும். 2024 பிப்ரவரி 6 அன்று ஆசியக் கோப்பை அரையிறுதியில் தென்கொரியா ஜோர்டானிடம் 2-0 என்று தோற்றது. கோலை நோக்கி ஒரு உதைகூட இலக்கில் போகவில்லை. அணியின் பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மன் ஆட்டம் முடிந்ததும் புன்னகையோடு எதிரணியைப் பாராட்டினார். எதிரணியை மதிக்கிற நல்ல பண்பு என்று அதைச் சொல்லலாம். ஆனால் அவர் கொரியாவில் தங்காமல் அமெரிக்க வீட்டிலேயே அதிக நாள் இருக்கிறார் என்ற மனக்குறை அந்த நாட்டு ரசிகர்களிடம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புன்னகையை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அரையிறுதி வரை கொண்டுபோனவர் பத்தே நாளில் நீக்கப்பட்டார்.

ஹாங்குக்கு நடந்தது இதன் தொடர்ச்சி. கிளின்ஸ்மனின் இடத்துக்கு ஹாங் பெயர் அடிபட்டபோது, உல்சான் ரசிகர்கள் கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் அவரே பேசினார். சில நாட்களில், ஜூலை 7 அன்று, தேசிய அணிக்கு அவர்தான் பயிற்சியாளர் என்று அறிவிப்பு வந்துவிட்டது. சீசன் பாதியில் நிற்கிறது. மூன்று நாள் கழித்து குவாங்ஜுவுக்கு எதிரான ஆட்டத்தில்தான் அந்தக் கூச்சல். அந்த ஆட்டத்தில் உல்சான் 1-0 என்று தோற்றது உண்மை, ஆனால் பதாகைகள் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டவை. இரண்டு பட்டங்களும் அவர்களுக்கு மறக்கவில்லை. கொடுத்த வார்த்தைதான் கண்முன் நின்றது.

சரி, கோபம் ஏன் பயிற்சியாளர் ஒருவர்மீதே குவிகிறது? முதலாளியை ரசிகரால் மாற்ற முடியாது. இருபத்தைந்து வீரர்களை நடு சீசனில் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவர் ஒருவர்தான், அவர் முகமும் எல்லாருக்கும் தெரியும். கிளப் நிர்வாகங்களுக்கும் இது வசதி. கோபம் மேலே ஏறி வருவதற்குள் அவரை அனுப்பிவிட்டால் தணிந்துவிடும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்ஞப்படை, நிர்வாகத்தைக் கண்டித்து, இனி டிக்கெட் வாங்கப் போவதில்லை என்று அறிவித்தது. கிளப் டிசம்பர் 16 அன்று பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது. எதிர்ப்பு ஜனவரியிலும் தொடர்ந்தது. நல்ல வீரர்களை விற்றுவிட்டு ஈடான ஆட்களை வாங்காதது யார் என்பதை அவர்கள் சரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. கோபத்திலும் முகவரி தவறாமல் இருப்பது கடினம்.

பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறுகிறதே, அது எப்படி என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் தொழிற்சாலைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். ஒரு லைனில் ரிஜெக்‌ஷன் வழக்கமாக நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் அது ஐந்தாக ஏறுகிறது. சூப்பர்வைசரை மாற்றுகிறார்கள். அடுத்த வாரம் இரண்டுக்கு இறங்குகிறது. புதியவருக்குக் கைதட்டல். ஆனால் அந்த ஐந்து என்பதே நான்கைந்து சின்னக் காரணங்கள் தற்செயலாக ஒரே வாரத்தில் சேர்ந்ததால் வந்திருந்தால், பழையவரே இருந்திருந்தாலும் எண் தானாக இறங்கியிருக்கும். வழக்கத்தைவிட மிக மோசமான ஒன்றை அடுத்து வருவது பெரும்பாலும் அவ்வளவு மோசமாக இருக்காது. புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை, மூன்று கோல்தான் விழுகிற கால்பந்தில் தற்செயலின் பங்கு இன்னும் அதிகம். கம்பத்தில் பட்டு உள்ளே போனால் மேதை, வெளியே போனால் முட்டாள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் பாஸ் டெர் வேல் என்ற டச்சுப் பொருளியலாளர். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை எடுத்துக்கொண்டார். மாற்றத்துக்குப் பிறகு அணிகள் தேறின. அதோடு நிற்காமல், அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தன. 2011-இல் வெளியான அந்த ஆய்வு, நீக்கத்தால் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை என்றது.

நம்ம ஊர் உதாரணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2019-20 சீசன். கிரிகரியின் அணி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஐந்தாவதில் ஹைதராபாத்தை 2-1 என்று கடைசி நொடிகளில் வென்றது. ஆறாவதில் ஒடிசாவோடு 2-2. நவம்பர் 30 அன்று கிரிகரி விலகினார். ஓவன் காயில் வந்தார். அதே வீரர்களோடு, முன்கள வீரர் வால்ஸ்கிஸ் அந்த சீசன் முழுக்கச் சேர்த்துப் பதினைந்து கோல் அடிக்க, அணி இறுதிப் போட்டி வரை பறந்தது. காயிலின் மந்திரம் என்று இன்றும் சொல்கிறோம். எண்களைத் திரும்பப் பாருங்கள், கோல் வரத் தொடங்கியது கிரிகரியின் கடைசி இரண்டு ஆட்டங்களில். அதற்காகக் காயில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பந்தைப் பிடித்ததும் முன்னால் பாய்கிற துணிச்சலை அந்த அணிக்குத் தந்தவர் அவர்தான். பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22-இல் லீக் கேடயம் வென்றும் காட்டினார். அதே காயில் 2023-இல் சென்னைக்குத் திரும்பி வந்தபோது முதல் சீசனில் ஆறாம் இடம், அடுத்ததில் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். 2025-இல் பிரிந்தார். ஆள் அவரே, அவரைச் சுற்றியிருந்தவை வேறு.

இதை வைத்துக்கொண்டு கோபத்தில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்தறியலாம். முதல் வகை ஸ்கோரின் மேல் வருவது. இரண்டு வெற்றி வந்தால் கரைந்துவிடும். 2015-இல் மார்கோ மட்டராஸியின் சென்னை அணி பாதி சீசனுக்கு மேல் தாண்டியும் அட்டவணையின் அடியில் கிடந்தது. பிறகு வரிசையாக வென்று, ஊரே வெள்ளத்தில் மூழ்கியிருந்த டிசம்பரில், சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கோவாவில் கோப்பையை வென்றது. நவம்பரில் இருந்த முணுமுணுப்பு இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

இரண்டாம் வகை வேறு. ஒப்பந்தம் முறிந்த பிறகு வருவது. அப்போது தோல்வி வந்தால் ‘நான் சொல்லவில்லையா’ என்பார்கள், வெற்றி வந்தால் ‘வீரர்கள் காப்பாற்றினார்கள்’ என்பார்கள். பயிற்சியாளரால் எதைச் செய்தும் புள்ளி எடுக்க முடியாது. ஹாங் தேசிய அணிக்குப் போன கதை அப்படித்தான் ஆயிற்று. 2024 செப்டம்பர் 5 அன்று சியோலில் அவருடைய முதல் ஆட்டம், பாலஸ்தீனத்தோடு 0-0. அவர் முகம் திரையில் தெரிந்தபோதெல்லாம் அரங்கு சத்தம் போட்டது. ஆட்டம் முடிந்ததும் தடுப்பாட்டக்காரர் கிம் மின்-ஜே ரசிகர் பக்கம் போய் ஆதரவு தாருங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. ஹாங்கைத் தேர்ந்தெடுத்த முறை நாடாளுமன்ற விசாரணை வரை போனது. 2025 ஜூனில், அந்தத் தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டமும் தோற்காமல், கொரியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் பராகுவேயோடு ஆடியபோது, அறுபதாயிரத்துக்கும் மேல் உட்காரக்கூடிய அந்த அரங்கில் பெரும்பகுதி நாற்காலிகள் காலி.

சென்னையின் எஃப்சி 2025-இல் கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் வந்தது. கோவாக்காரர், இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள வீரர், 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர். இடைக்காலமாக இல்லாமல் முழுப் பொறுப்பில் இந்தக் கிளப்புக்கு வந்த முதல் இந்தியப் பயிற்சியாளர். அடுத்த முறை நேரு ஸ்டேடியம் போனால், அணி தோற்றாலும் விசில் ஊதியவுடன் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் நிற்கிற பக்கமாக அணி நடந்து வருகிறதா, வந்தால் பயிற்சியாளரும் கூட வருகிறாரா, அவரைப் பார்த்துக் கூட்டம் ஸ்கோரைச் சொல்லிக் கத்துகிறதா, அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறதா என்று கவனியுங்கள். ஸ்கோரைச் சொல்லிக் கத்தினால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.